டம்ளரை நகர்த்தியது யார்?

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19. விடுதியில் தங்கியிருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குப் பேய்க்கதை என்றால் உயிர். வெள்ளிக்கிழமை இரவு அறைத் தோழிகளோடு ஹாரர் படம், பஸ்ஸில் போகும்போது கொலை வழக்குகளைப் பற்றிய பாட்காஸ்ட், படுத்த பிறகு காதில் ஹெட்போனோடு பேய்க்கதை, நோட்டுப் புத்தகம் முழுக்க மண்டையோட்டுப் படம், போன் உறையில் வௌவால் ஸ்டிக்கர் என்று இதுதான் என் உலகம். போன மாதம் நான்கு பேர் சேர்ந்து, ஆவியை அழைத்துப் பேசும் விளையாட்டான ஓஜா போர்டு ஆடினோம். அட்டையில் எழுத்துகளை எழுதி, டம்ளரைக் கவிழ்த்து, ஆளுக்கொரு விரலை அதன்மேல் வைத்தோம். டம்ளர் நகர்ந்து, என் தோழி ஒருத்தியின் இறந்துபோன தாத்தா பெயரை எழுத்தெழுத்தாகக் காட்டியது. யாருமே நகர்த்தவில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். அன்று அழுத அந்தத் தோழி இன்றுவரை விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதில்லை. என்னோடு சரியாகப் பேசுவதும் இல்லை. விஷயம் என் அம்மா காதுக்குப் போய்விட்டது. "எப்பப் பாத்தாலும் பேய் பிசாசுன்னு இருக்கிற உனக்கு மனசுல ஏதோ கோளாறு" என்கிறார். எனக்கு உண்மையிலேயே மனக்கோளாறா? இதையெல்லாம் விட்டுவிட வேண்டுமா? டம்ளரை நகர்த்தியது யார்?

பின்குறிப்பு: இரண்டு வாரமாக விடியற்காலையில் விழிப்பு வருகிறது. கை காலை அசைக்க முடியவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசி வரிகளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மூன்று கேள்விகளை விவரமாகக் கேட்டுவிட்டு, பின்குறிப்பாக நான்கு சின்ன வாக்கியங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்களை எழுத வைத்தது அவைதான் என்று எனக்குப் படுகிறது. ஆலோசனைக்கு நேரில் வருகிறவர்களும் பல நேரம் இப்படித்தான். முக்கால் மணி நேரம் வேறு எதையாவது பேசிவிட்டு, எழுந்து கதவருகே போன பிறகு, "அப்புறம் ஒரு சின்ன விஷயம்" என்பார்கள். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் வந்திருப்பார்கள்.

உங்கள் நெஞ்சின் மேல் யாரும் உட்காரவில்லை. அன்றைய விளையாட்டிலிருந்து எதுவும் உங்களைப் பின்தொடர்ந்து வரவும் இல்லை. நீங்கள் அப்படிப் பயந்துகொண்டிருக்கிறீர்கள், கேட்கக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அப்படியே தூக்க முடக்கத்துக்கு உரியவை. மருத்துவர்கள் ஸ்லீப் பராலிசிஸ் என்று சொல்வதும், பேச்சில் "பேய் அமுக்குது" என்று சொல்வதும் இதைத்தான். தூக்கத்தில் கனவு மிகுந்து வரும் கட்டம் ஒன்று உண்டு. மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசைந்துகொண்டிருக்கும். கனவில் ஓடுகிறோம் என்பதற்காகப் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவிடக் கூடாது அல்லவா? அதனால் அந்த நேரத்தில் மூளைத்தண்டு கை, கால், கழுத்துத் தசைகளுக்குப் போகும் கட்டளையை நிறுத்தி வைக்கிறது. விழிகளை அசைக்கும் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் வேலை செய்துகொண்டே இருக்கும். சில நாள் நினைவு முதலில் விழித்துவிடுகிறது, தசைகளின் பூட்டு திறக்கச் சற்றுத் தாமதமாகிறது. கண் திறந்திருக்கிறது, அறை தெரிகிறது, உடம்பு மட்டும் சொன்னதைக் கேட்பதில்லை. ஆழமாக மூச்சிழுக்க நினைத்தால் விலாத் தசைகள் ஒத்துழைப்பதில்லை. அதைத்தான் நெஞ்சின் மேல் பாரமாக உணர்கிறோம். உடம்பு அசையவில்லை என்றதும் மூளை ஆபத்து என்று முடிவு கட்டுகிறது. பாதிக் கனவு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த ஆபத்துக்கு ஓர் உருவத்தையும் கொடுத்துவிடுகிறது.

இந்த உருவம் உங்கள் அறைக்கு மட்டும் வந்ததில்லை. கெட்ட கனவைக் குறிக்கும் நைட்மேர் என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள 'மேர்' என்பது, தூங்குபவர் நெஞ்சில் ஏறி அமுக்கும் ஆவிக்கு இருந்த பழைய பெயர். ஜப்பானில் இதைக் கனஷிபாரி என்கிறார்கள், உலோகத்தால் கட்டிப்போட்டது போல என்று பொருள். ஹென்றி ஃபூஸ்லி என்ற ஓவியர் 1781-இல் வரைந்த படம் ஒன்றில், மல்லாந்து தூங்கும் பெண்ணின் நெஞ்சில் ஒரு குட்டிப் பூதம் குந்தியிருக்கும். உங்களுக்கு அந்த ஓவியம் நிச்சயம் பிடிக்கும். பகலில் பாருங்கள்.

மாணவர்களுக்கு இது அதிகம் வருகிறது. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2011-இல் வந்தது. பொதுமக்களில் 100-க்குச் சுமார் 8 பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதை அனுபவித்திருந்தார்கள். மாணவர்களில் அது 28 பேர். தூக்கம் குறைவதும், படுக்கும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதும் இதைத் தூண்டும். மல்லாந்து படுத்தாலும் அதிகமாக வரும். உங்கள் வாரத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை இரவில் படம், மற்ற நாளில் காதில் கதை. தூங்கிய பிறகு கண் மூடியிருக்கிறதே தவிர காது மூடுவதில்லை. கதையில் வரும் அலறலும் கதவுச் சத்தமும் தூங்கும் மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஒரு கதை முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குகிறது. அதை நிறுத்த உங்கள் கை விழித்திருப்பதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் இதற்கு வருவேன்.

இன்று இரவிலிருந்து படுக்கையில் ஹெட்போன் வேண்டாம். எந்த நேரத்தில் படுத்தாலும் தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், சனி ஞாயிறு உட்பட. ஒருக்களித்துப் படுங்கள். மறுபடி அப்படி நடந்தால் திமிறி எழ முயல வேண்டாம், திமிறத் திமிறப் பயம்தான் கூடும். மூச்சு தானாக நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனித்துக்கொண்டே, ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள். பெரும்பாலும் சில நொடிகளில், மிஞ்சினால் இரண்டு மூன்று நிமிடத்தில் விலகிவிடும். பகலில் அடக்க முடியாத தூக்கம் திடீரென்று வந்தாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ, தூங்கப் போகவே பயமாகிவிட்டாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அப்போது பார்க்க வேண்டியது வேறு.

சரி, இப்போது உங்கள் முதல் கேள்வி. பேய்க்கதை பிடிப்பது மனக்கோளாறா? இல்லை. மண்டையோடு வரைவதும் கறுப்பு உடையும் வௌவால் ஸ்டிக்கரும் ஒரு மனத்தின் நோயைக் காட்டுவதில்லை. அவை ஒரு ரசனையைக் காட்டுகின்றன, அவ்வளவுதான். பயத்தை ரசிப்பது இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. சிரிப்பும் மகிழ்ச்சியும் இருக்கும் அதே வரிசையில் அச்சத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வியப்பைக் குறிக்கும் மருட்கைக்குப் பக்கத்திலேயே அது நிற்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நல்ல பேய்க்கதையைக் கேட்கும்போது இந்த இரண்டில் எது எப்போது முடிந்து எது தொடங்கியது என்று சொல்ல முடிவதில்லை.

ஒரு குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்துப் பாருங்கள். அந்தரத்தில் ஒரு கணம் அதன் கண்கள் விரியும், பிடித்ததும் கலகலவென்று சிரிக்கும், "இன்னொரு தடவை" என்று கையைத் தூக்கும். தெரியாத ஒருவர் அதே உயரத்துக்குத் தூக்கிப் போட்டால் வீறிட்டு அழும். உயரமும் வேகமும் ஒன்றுதான். பிடிக்கும் கை தெரிந்த கையா இல்லையா என்பதில்தான் சிரிப்பும் அழுகையும் பிரிகின்றன. ஹாரர் படம் பார்க்கும் பெரியவர்களுக்கும் உடம்பில் நடப்பது இதுதான். இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, உடம்பு நிஜமாகவே பயப்படுகிறது. அதே நேரத்தில் அறிவின் இன்னொரு பகுதிக்கு நாற்காலியும் பக்கத்தில் இருக்கும் தோழியும் தெரிகிறார்கள். காட்சி முடிந்து மூச்சு விடும்போது, உடம்பில் மிச்சமிருக்கும் அந்த வேகம் நிம்மதியைக் கூடுதலாக இனிக்கச் செய்கிறது.

டென்மார்க்கில் ஆய்வாளர்கள் பேய் வீட்டுக் கேளிக்கை ஒன்றுக்கு வந்த 110 பேருக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவியை மாட்டி உள்ளே அனுப்பினார்கள். 2020-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைவாக இருந்தவர்களுக்கும் மகிழ்ச்சி குறைவு, மிக அதிகமாகப் பயந்தவர்களுக்கும் மகிழ்ச்சி குறைவு. நடுவில் ஒரு அளவில்தான் அது உச்சத்துக்குப் போனது. அந்த அளவு ஆளுக்கு ஆள் வேறு. அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, கொரோனாவின் தொடக்க மாதங்களில் 310 பேரைக் கேட்டது. ஹாரர் ரசிகர்கள் மற்றவர்களைவிட மனத்தளவில் குறைவாகத் துவண்டிருந்தார்கள். பேய்ப்படம் பார்த்ததால்தான் திடமாக இருந்தார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, இயல்பிலேயே திடமானவர்கள் அத்தகைய படங்களைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் இந்த ரசனை ஆளைக் கெடுத்துவிடும் என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. இதை உங்கள் அம்மாவிடம் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கொலை வழக்குப் பாட்காஸ்டையும் பேய்க்கதையையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், தெய்வம் போன்ற அணங்கு ஒரு வகை, கள்வர் வேறு வகை. பேய்க்கதையில் செத்தவர் கதைக்குள் செத்தவர். வழக்குக் கதையில் செத்தவருக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள், ஒருவேளை அவர்களும் அதைக் கேட்க நேரலாம். கேட்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். கவனத்தோடு, இறந்தவரை மனிதராக நடத்திச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பஸ்ஸில் பொழுதுபோக என்றில்லாமல், அவர்களைத் தேடிக் கேளுங்கள்.

டம்ளருக்கு வருவோம். நகர்த்தியது நீங்கள் நால்வரும்தான். ஆனால் நீங்கள் செய்த சத்தியமும் பொய் இல்லை. 1850-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதன்மேல் கை வைத்து, ஆவிகள் மேசையை நகர்த்துவதைப் பார்ப்பது பெரிய மோகமாக இருந்தது. மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த மைக்கேல் ஃபாரடே 1853-இல் இதைச் சோதித்தார். மேசைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை அடுக்கினார். அவற்றுக்கிடையே இளகிய பசையைத் தடவி, அட்டைகள் சற்று வழுக்கும்படி வைத்தார். மேசை கையை இழுத்திருந்தால் கீழ் அட்டை முதலில் நகர்ந்திருக்கும். நகர்ந்ததோ மேல் அட்டை. கைதான் மேசையைத் தள்ளியிருக்கிறது, தள்ளியவர்களுக்கே அது தெரியவில்லை. அப்புறம் அவர் இன்னொன்று செய்தார். கை பக்கவாட்டில் தள்ளினால் உடனே காட்டிக்கொடுக்கும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணெதிரே பொருத்தினார். முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தபோது மேசை நகரவே இல்லை. ஏமாற்றுக்காரர்கள் என்று அவர் யாரையும் சொல்லவில்லை. நேர்மையானவர்கள், தங்கள் கை செய்வதை அறியாதவர்கள் என்றே கருதினார்.

எண்ணமே நமக்குத் தெரியாமல் தசையை அசைக்கும் இந்த நிகழ்வுக்கு வில்லியம் கார்பென்டர் என்ற உடலியலாளர் அதற்கு முந்தைய ஆண்டே பெயர் வைத்திருந்தார். வழவழப்பான பரப்பில் கவிழ்த்த டம்ளருக்கு மிகச் சிறிய தள்ளல் போதும். அது எங்கே போகப்போகிறது என்று நான்கு பேர் எதிர்பார்க்கிறார்கள். முதல் எழுத்தில் நின்றதும் ஒவ்வொருவர் மனமும் ஒரு சொல்லை ஊகிக்கிறது. இரண்டாம் எழுத்தில் ஊகம் உறுதியாகிறது. தாத்தாவின் பெயர் உங்கள் தோழிக்குத் தெரியும், மற்றவர்களும் அவர் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஓஜா போர்டு பழங்காலச் சடங்கு என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் எலைஜா பாண்ட் என்ற வழக்கறிஞர் பெயரில் 1891-இல் காப்புரிமை பெற்று, கடையில் விற்ற விளையாட்டுப் பொருள் அது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, விடுதிக்கு ஓடிப்போய்த் தோழியிடம் ஃபாரடேயின் அட்டைகளைப் பற்றிச் சொல்லத் துடிப்பீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். கடிதத்தில் நான் அதிகம் கவலைப்பட்ட இடம் இதுதான்.

அவர் தாத்தா இறந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாமலிருக்கலாம். வளர்த்த தாத்தாவா, போன வருடம் வரை தினமும் போனில் பேசிய தாத்தாவா, கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போன தாத்தாவா? அன்று டம்ளர் நின்ற ஒவ்வொரு எழுத்திலும் மற்ற மூன்று பேருக்கும் த்ரில் ஏறியிருக்கும். அவருக்குத் தன் தாத்தாவின் பெயர் வந்துகொண்டிருந்தது. அவர் முகம் மாறியது உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். தெரிந்த பிறகு எத்தனை எழுத்து போனது?

கடுமையாகக் கேட்கிறேன் என்று தெரிகிறது. பயம் விளையாட்டாக இருப்பதற்கு ஒரே ஒரு விஷயம் தேவை. அதை நிறுத்துவது பயப்படுகிறவர் கையில் இருக்க வேண்டும். படம் பார்க்கும்போது ரிமோட் உங்கள் கையில். பேய் வீட்டில் வெளியே போகும் கதவு தெரியும். அன்று உங்கள் தோழி விரலை எடுத்திருந்தால் "பயந்தாங்கொள்ளி" என்று யாராவது சொல்லியிருப்பீர்கள். விரலை எடுத்தால் ஏதோ கெட்டது நடக்கும் என்ற பேச்சும் இந்த விளையாட்டில் வழக்கமாக வரும். அவருக்கு நிறுத்த வழி இல்லை. தூங்கிய பிறகு காதில் ஓடும் கதையை நிறுத்த உங்களுக்கும் வழி இல்லை. உங்கள் ரசனையில் நான் குறை காணவில்லை. குறை இந்த இரண்டு இடத்தில்தான் இருக்கிறது.

ஜப்பானில் எடோ காலத்தில் நூறு விளக்குகளை ஏற்றி வைத்து நூறு பேய்க்கதை சொல்லும் பொழுதுபோக்கு ஒன்று இருந்தது. ஒரு கதை முடிந்தால் ஒரு விளக்கை அணைக்க வேண்டும். நூறாவது விளக்கும் அணைந்தால் ஏதோ ஒன்று நிஜமாகவே வந்துவிடும் என்பது நம்பிக்கை. அதனால் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திவிடுவார்களாம். எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். நிறுத்தும் இடத்தை விளையாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள், நிறுத்தியவரை யாரும் கோழை என்று சொல்ல முடியாது.

உங்களுக்குத் தாங்குகிற பயம் இன்னொருவருக்கும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். சிறு வயதிலோ பதின்ம வயதிலோ ஏதாவது படத்தையோ தொடரையோ பார்த்து மிகவும் பயந்த அனுபவம் உண்டா என்று அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்ட ஆய்வு ஒன்று 1999-இல் வந்தது. பத்தில் ஒன்பது பேர் உண்டு என்றார்கள். அவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. விளக்கை எரியவிட்டுத் தூங்குவது நடிப்பு இல்லை, பிடிவாதமும் இல்லை.

இந்த வாரம் அவரைத் தனியாகப் பாருங்கள், மற்ற இரண்டு பேர் வேண்டாம். "அன்னைக்கு நீ அழுதப்பவே நான் நிறுத்தியிருக்கணும். உங்க தாத்தா பேர வெச்சு வெளையாண்டது தப்பு. மன்னிச்சிரு" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். "நான் வேணும்னு செய்யல", "எல்லாரும்தானே ஆடினோம்" என்றெல்லாம் பின்னால் ஒட்ட வேண்டாம். அவர் பேசினால் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். எப்படி இருப்பார், என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள். பயம் என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பகுதி துக்கமாக இருக்கலாம். அவராக "அப்போ டம்ளர் எப்படி நகர்ந்தது?" என்று கேட்கும் நாளில் ஃபாரடேயைச் சொல்லுங்கள். அப்போதும் "நீதான் நகர்த்தினாய்" என்று சொல்லாதீர்கள். "நம்ம நாலு பேர் விரலும்" என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். அவர் பேசவே விரும்பாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமைப் படத்தைக் கொஞ்ச நாள் வேறு அறைக்கு மாற்றுங்கள். எரியும் விளக்கைப் பற்றி யாரும் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் சில வாரத்தில் அவர் தூக்கம் சீராகவில்லை என்றால், கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் கூடவே போய் வாசலில் உட்கார்ந்திருங்கள்.

விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளி மாணவனை அவன் பெற்றோர் அழைத்து வந்தார்கள். நோட்டு முழுக்க எலும்புக்கூடுகளும் கல்லறைகளும் இருந்தன. படிப்பில் கவனம் குறைந்துவிட்டது என்றார்கள். படங்களையும் கதைப் புத்தகங்களையும் கொஞ்ச காலம் எடுத்து வைத்துவிடச் சொன்னேன். பையன் படிப்பில் தேறவில்லை, என்னிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டான். மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரிந்தது, அவனுக்கு நெருங்கிய ஒருவர் தீராத நோயில் இருந்தார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சாவைப் பற்றி யோசிக்க அவனுக்கு இருந்த ஒரே இடம் அந்த நோட்டு. அதைப் பிடுங்க வைத்தவள் நான். அன்றிலிருந்து யார் நோட்டில் எலும்புக்கூட்டைப் பார்த்தாலும், "இது யாரு? இவங்க கதை என்ன?" என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் நல்ல கதையாக இருக்கிறது.

அதனால் விட வேண்டாம். உங்களுக்குள் இருக்கும் ஆர்வத்தை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள் என்றே சொல்வேன். பயமுறுத்துவது ஒரு தொழில்நுட்பம். 1862-இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஒரு ஆவியை நடமாட விட்டார். பார்வையாளர்களுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தியிருந்தார். கீழே மறைவாக நின்ற நடிகர் மேல் பலமான ஒளி விழுந்தபோது அவர் பிம்பம் மேடையில் மிதந்தது. ஒரு கண்ணாடித் துண்டும் கைவிளக்கும் இருந்தால் மேசைமேலேயே செய்து பார்க்கலாம். மங்கிய வெளிச்சத்தில் நிலைக்கண்ணாடியை உற்றுப் பார்த்தால் பேய் தெரியும் என்ற விளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியில் ஜியோவானி கபுட்டோ என்ற உளவியலாளர் 50 பேரைப் பத்து நிமிடம் அப்படிப் பார்க்க வைத்து 2010-இல் எழுதினார். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குத் தங்கள் முகமே பயங்கரமாக உருமாறித் தெரிந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேர் விநோதப் பிறவிகளையும் பூதங்களையும் பார்த்தார்கள். அசையாமல் ஒரே புள்ளியைப் பார்த்தால் ஓரத்தில் இருப்பவை மங்கிப்போகும், மங்கிய இடத்தை மூளை தன் சரக்கைக் கொண்டு நிரப்பும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதைப் பாட்டிமார் எப்போதோ சொல்லிவிட்டார்கள். எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் ரசனை குறைந்துவிடும் என்று சிலர் நினைப்பார்கள். பேய்க்கதைப் பிரியர்களிடம் நான் பார்த்தது நேர்மாறு. வித்தை தெரிந்த பிறகு இன்னும் ஆசையாக ரசிக்கிறார்கள்.

எந்தக் கட்டத்தில் நான் கவலைப்படுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படம் பிடித்திருக்கிறது என்பதற்காகப் பார்க்காமல், வேறு எதையும் உணரக் கூடாது என்பதற்காகப் பார்க்கத் தொடங்கினால். முன்பு பிடித்த மற்றவை எல்லாம் சலித்துப்போனால். சாவைப் பற்றிய கதை போய், உங்கள் சாவைப் பற்றிய யோசனை வந்தால். அப்படி ஒரு நாள் வந்தால் பின்குறிப்புக்குக் காத்திருக்காமல் முதல் வரியிலேயே யாரிடமாவது சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் அதன் சாயல் எதையும் நான் பார்க்கவில்லை.

கடைசியாக அம்மா. கோளாறு என்று அவர் சொன்னது சரியில்லை, வலித்திருக்கும். ஆனால் தூரத்தில் விடுதியில் இருக்கும் மகள் ராத்திரியில் ஆவியைக் கூப்பிட்டாள் என்று வேறு யாரோ சொல்லிக் கேட்கும் தாயின் நிலையையும் பாருங்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது ஆய்வு முடிவுகளை எடுத்து வைப்பதற்கு முன்னால், "என் வயசுல நீ எதுக்கும்மா ரொம்பப் பயந்த?" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும், நடுவில் புகுந்து விளக்கம் கொடுக்காதீர்கள். அவரிடமும் ஒரு நல்ல கதை இருக்கலாம். அது முடிந்ததும் விடியற்காலையில் உங்களுக்கு நடப்பதைச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது அப்படி வந்ததுண்டா என்று கேளுங்கள், தூக்க முடக்கம் சில குடும்பங்களில் பலருக்கு வருவதுண்டு.

மூன்று வாரம் கழித்துத் தூக்கம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். தோழி என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவியல் ஆலோசகர்